ஷைனியின் மூன்று ஆல்பங்களும் கொளஞ்சியப்பன் கொல்லையும்

சங்கராபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிற ஷைனிக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. தானே பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, கிடார் வாசித்துப் பாடி, பதிவு செய்து இணையத்தில் ஏற்றிவிடுவாள். இண்டி பாட்டு என்று அதற்குப் பெயர். அவள் அப்பா செபாஸ்தியானுக்கு மட்டும் இந்த விவகாரம் பிடிபடவே இல்லை.

"மாதா கோயில்லயும் பாட மாட்டேன்ற, சினிமாவுலயும் பாட மாட்டேன்ற. அப்புறம் யாருக்கும்மா பாடிக்கினு இருக்க?" என்பார்.

நியாயமான கேள்விதானே? 

ஸ்டுடியோ என்பது வீட்டுப் பீரோ. எதிரொலி வரக்கூடாது என்று பீரோவைத் திறந்து, அம்மாவின் பட்டுப்புடவைகளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு பாடுவாள். பாச்சை உருண்டை நெடியில் கண்ணில் தண்ணீர் கொட்டும். முதல் ஆல்பத்தில் இருக்கும் சோகத்தில் பாதி பாச்சை உருண்டையால் வந்தது. 'ஜன்னல் பக்கம் எனக்கு' என்று அதற்குப் பெயர் வைத்தாள். எட்டுப் பாட்டு. எட்டும் சோகம்.

யார் எந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டுப் போனார்கள் என்பதை, அவள் பாட்டை ஏற்றுகிற ஆப் கோடு போட்டுக் காட்டும். பாவி ஆப்! ஷைனியின் கோடு பல்லவி முடிவதற்குள் கிணற்றில் விழுந்ததுபோலத் தரைக்கு வந்துவிடும். அவளுக்குப் பேரும் வேண்டாம், புகழும் வேண்டாம். யாராவது ஒருத்தர், ஏதாவது ஒரு பாட்டை, கடைசிவரை கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதற்காகத்தான் ராத்தூக்கம் கெட்டாள்.

மகள் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காத செபாஸ்தியான், கிறிஸ்துமஸ் கேக்கோடு, அவள் பாட்டை ஏற்றிய பென்டிரைவையும் ஆளுக்கொன்றாக ஊர் முழுக்கக் கொடுத்தார். கேக் அன்றைக்கே தீர்ந்தது. பென்டிரைவை யாரும் சீந்தவில்லை.

பக்கத்து வீட்டுக் கொளஞ்சியப்பன் ஊருக்கு வெளியே தன் கொல்லையில், அதாவது மேட்டு நிலத்தில், மக்காச்சோளம் போட்டிருந்தார். கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவரும் குரங்குகளுக்கு அந்தக் கொல்லைதான் மாமியார் வீடு. காய்கறி வண்டியில் கட்டுகிற ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிக் கம்பத்தில் கட்டி, "ஏய்! போ! ஓடு!" என்று தன் குரலையே பதிவு செய்து ஓடவிட்டார். இரண்டே நாளில் குரங்குகள் அந்தக் கம்பத்தின் மேலேயே உட்கார்ந்து கதிர் உரித்தன. கடுப்பில் மனுஷன், கையில் கிடைத்த ஷைனியின் பென்டிரைவைச் சொருகினார்.

முதல் பாட்டின் முதல் வரி முடியவில்லை. கொல்லையில் ஒரு குரங்குகூட இல்லை! குட்டியை வயிற்றில் அப்பிக்கொண்டு மலையைப் பார்த்து ஓடின. ஏன் ஓடின என்பது அந்தக் குரங்குகளுக்கே வெளிச்சம்.

அவ்வளவுதான், ஊரே பென்டிரைவைத் தேடியெடுத்தது. கரியாலூரிலிருந்து மலை இறங்கிவந்து வாங்கிப் போனார்கள். உரக்கடைக் கந்தசாமி பூச்சிமருந்துக்குப் பக்கத்தில் சரம்சரமாகத் தொங்கவிட்டார்.

"ஏக்கருக்கு ஒண்ணு போதும். மூணாவது பாட்டு கொஞ்சம் வீரியம் ஜாஸ்தி, காலையில மட்டும் போடுங்க," என்று அவர் ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை ஷைனியே காதால் கேட்டாள். அந்த மூன்றாவது பாட்டு அவள் அழுது அழுது எழுதியது. கோபத்தில் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

செபாஸ்தியானுக்குத் தலைகால் புரியவில்லை. "எம் பொண்ணு பாட்டு கல்வராயன் மலை வரிக்கும் போவுது!" என்று சின்னசேலம் ரயிலடியில்கூடச் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த போகத்தில் குரங்குகள் அந்த ஆல்பத்துக்குப் பழகிவிட்டன. "மருந்து வேலை செய்யல, வேற குடு பாப்பா," என்று கொளஞ்சியப்பன் வாசலில் வந்து நின்றார். ஷைனி 'தனியா ஒரு டீ' என்ற இரண்டாவது ஆல்பத்தைக் கொடுத்தாள். குரங்குகள் மறுபடி ஓடின. ஆப்பில் கோடு மறுபடி கிணற்றில் விழுந்தது.

மூன்றாவதுதான் கடைசி என்று முடிவு செய்தாள். இதையும் ஒருத்தரும் கேட்காவிட்டால் கிடாரைத் தொடுவதில்லை. இந்தமுறை பீரோவுக்குள் தலையை விடவில்லை. நடுக்கூடத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பாடினாள். கடைசிப் பாட்டில் ஒரு பெண் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒருவனுக்காகக் காத்திருக்கிறாள். ஒவ்வொரு பஸ்ஸாக விட்டுவிட்டு நிற்கிறாள். கடைசி பஸ்ஸும் உறுமுகிறது. அத்தோடு பாட்டு முடிந்துவிடும்.

ஆல்பம் கொல்லைக்குப் போன மறுநாள் காலை கொளஞ்சியப்பன் போனில் கத்தினார்.

"பாப்பா, பாட்டு கெட்டுப் போச்சும்மா! ஒரு குரங்குகூட நவுர மாட்டேங்குது. வரப்புல வரிசையா ஒக்காந்து கேக்குது!"

"நெசமாவா பெரிப்பா? எதுவரிக்கும் கேக்குது?"

"கொல்லையே போவுதுன்றேன், நீ இன்னாடான்னா..."

"கடைசிவரிக்கும் கேக்குதா, சொல்லுங்க!"

போனை வைத்தவள் மருந்துக்கடைக்குப் போகவில்லை. ஸ்கூட்டியை நேரே கொல்லைக்கு விரட்டினாள்.

பார்த்தால், வரப்பு முழுக்கக் குரங்கு. பெரிசும் சிறிசுமாக, பூசைக்கு வந்த சனம்போல அடங்கி உட்கார்ந்திருந்தன. எதுவும் கதிரைத் தொடவில்லை. கம்பத்து ஸ்பீக்கரில் கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி, உண்டிவில்லைப் பிடித்த கையைத் தொங்கவிட்டபடி கொளஞ்சியப்பன் நின்றார்.

பாட்டு முடிந்தால் சோளம் போய்விடுமே என்ற பதைப்பில், "பெரிப்பா, வெரட்டுங்க!" என்று ஷைனி கூவினாள்.

அவர் திரும்பாமலே கையை உயர்த்தி, சும்மா இரு என்று சைகை காட்டினார்.

பாட்டு முடிந்தது. அடுத்த நொடி அத்தனை குரங்கும் சோளத்துக்குள் பாய்ந்தன. படபடவென்று தட்டை முறியும் சத்தம் கேட்டது.

"ஐயோ பெரிப்பா, முன்னாடியே அடிச்சிருக்கலாமே! சும்மாதான ஒக்காந்திருந்துச்சு?"

கொளஞ்சியப்பன் கொல்லையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"அது கெடக்குது. நேத்துலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல. அந்தக் கடைசி பஸ்ஸு கெளம்புதே, அவன் வந்தானா இல்லியா?"

இதை யாரும் அவளைக் கேட்டதில்லை. பாட்டு வந்த பிறகும் கேட்டதில்லை, அவளே அந்த பஸ் ஸ்டாண்டில் காத்து நின்றபோதும் கேட்டதில்லை.

"வரல, பெரிப்பா."

கொளஞ்சியப்பன் உண்டிவில்லில் வைத்திருந்த கல்லை எடுத்துக் கீழே போட்டார். "வுடும்மா," என்றார். "வந்திருந்தா நீ இத்தப் பாடியிருக்க மாட்ட."