கரி படிந்த சுண்டைவற்றல்

எதிர்வீட்டில் சுண்டைவற்றல் வறுக்கிறார்கள். அந்தக் கசப்பு வாசம் வந்ததும் என் கை தானாகப் பழைய வேட்டியொன்றைத் தேடுகிறது. நிஜாம் காலத்தில், மல்காஜ்கிரியில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்வேலியில், யாரும் நடாமலே காக்கை எச்சத்தில் முளைத்த சுண்டைச்செடி, முள்ளும் வெள்ளைப் பூவுமாக ஆளுயரம் நின்றது. வயிற்றுக்கு நல்லதென்று அம்மா காய்களைத் தட்டி, உப்பு மோரில் ஊறப்போட்டு, பகலில் பாயில் பரப்புவாள், சாயங்காலம் மறுபடி மோருக்குள் தள்ளுவாள். இன்ஜின் கடக்கும்போதெல்லாம் கரித்தூள் படாமல் வேட்டியால் மூடுவதும், போனதும் திறப்பதும், மறுபடி மூடுவதும் நாள் முழுக்க என் வேலை.

ஒருநாள் அசந்து தூங்கிவிட்டேன். கறுத்துப்போனதை அம்மா திட்டாமல் அலசிக் காயவைத்தாள். கரி வாசம் போகவே இல்லை.

இன்ஜினில் கரி அள்ளிப்போடும் அப்பா, டூட்டி முடிந்து கண்ணைத் திறக்கமுடியாத அசதியில் அந்த வற்றல்குழம்பைப் பிசைந்து சாப்பிட்டார்.

"கரி வாசம் அடிக்கலையாங்க?" என்று அம்மா தயங்கிக் கேட்டாள்.

"கரியா?" இன்னொரு வாய் மென்று பார்த்தார். "இல்லையே. தினம் சாப்பிடற மாதிரிதானே இருக்கு."

மறுநாளும் இன்ஜின் வந்தது. வேட்டியை இழுத்து மூடினேன், யாருக்காக என்று தெரியாமல்.