நிறம் உறிஞ்சும் சொட்டுக்குழாய்

ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: பேனரில் இனிஷியல் மாறினால் சிரித்துவிட்டுப் போகிறவர்கள், புடவை நிறம் மாறினால் லேசில் விடமாட்டார்கள்.

கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்து ஃப்ளெக்ஸ் கடைக்கு தினமும் பஸ் ஏறுகிறவள் நான். வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது. எனக்கோ, "ஒரு மாசம் பார்க்கலாம்மா" என்று ஓனர் சொன்ன வேலை. குழந்தை தூங்கின பிறகு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வெயில்ல நிக்கிற மயில்

கான்வென்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது வானவில்லின் ஏழு நிறம்தான். கோலியனூரிலிருந்து வந்த ஒரு அம்மா பேனர் பார்டருக்குக் கேட்டதோ, "மயில் கழுத்து கலரு, ஆனா வெயில்ல நிக்கிற மயிலு". நான் முழித்தேன். பக்கத்து சீட் மலர் அக்கா என் கம்ப்யூட்டரில் ஒரு குட்டி டூலைப் போட்டுக்கொடுத்தார். சொட்டு மருந்து விடும் குழாய் மாதிரி ஒரு படம். அதை எந்த இடத்தில் வைத்தாலும் அந்த நிறத்தின் நம்பரைச் சொல்லிவிடும். அந்தம்மா போனிலிருந்த மயில் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதன் கழுத்தில் வைத்தேன். பார்டர் முழுக்க அதே நிறம் வந்து நின்றது. எனக்கே புல்லரித்தது.

அந்தம்மா ஸ்க்ரீனைத் தொட்டுப் பார்த்தார்: "அட, மயிலையே புட்ச்சிக்கினு வந்துட்டியே கண்ணு!"

காக்கி காதுகுத்து

எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறிவிட்டது. காதணி விழா பேனருக்குத் தாய்மாமன் சீர்ப்புடவை நிறம் வேண்டும் என்றார்கள். போட்டோ மேல் குழாயை வைத்து நம்பரை எடுத்து பிரிண்டுக்கு அனுப்பிவிட்டேன். அது எடுப்பது ஒரே ஒரு புள்ளியை. அந்தப் புள்ளி நிழல் விழுந்த ஜரிகையில் இருந்திருக்கிறது. அரக்குப் புடவைக்குக் காக்கி பேனர்! மறுபடி அடித்துக்கொடுத்தோம். செலவு ஓனர் தலையில்.

தாய்மாமன் கேட்டார்: "ஏம்மா, காது குத்தறோமா, இல்ல போலீஸ் ஸ்டேஷன் தொறக்கறோமா?"

ரவிக்கையின் உள்பக்கம்

மாதம் முடிகிற சமயம். திருவாமாத்தூர்க்காரர் ஒருவர் இறந்துபோன தன் அம்மாவின் கறுப்பு வெள்ளைப் படத்தையும் பழைய ரவிக்கை ஒன்றையும் கொண்டுவந்தார். வருஷ திதிக்குப் படத்தைக் கலராக்க வேண்டும். புடவையும் ரவிக்கையும் ஒரே நிறமாம். துணியோ வெளுத்துக் கிடந்தது. ஸ்கேன் செய்து குழாயை எங்கே வைத்தாலும் சாம்பல்தான் வந்தது.

இதுவும் தப்பினால் என் சீட்டு கிழிந்தது. ரவிக்கையை உள்பக்கம் திருப்பினேன். பின்னால் அளவு பெரிதானால் பிரித்துத் தைக்க டெய்லர் விட்டிருந்த பிடிப்புத் துணி, வெயிலும் சோப்பும் படாமல் பளிச்சென்று மாம்பழ மஞ்சளாக இருந்தது. அந்த இடத்தை ஸ்கேன் செய்து, பல புள்ளிகளில் நிறம் எடுத்து, முதலில் கையகலத் துண்டு ஒன்று பிரிண்ட் போட்டேன். வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய் ரவிக்கையின் உள்பக்கத்தோடு சேர்த்துப் பிடித்தேன். ஒட்டிப் பிறந்ததுபோல் இருந்தது.

அவர் அந்தத் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டார். "இதான்... இத கட்டிக்கினுதான் அம்மா என்னை ஸ்கூல்ல சேர்க்க வந்துச்சு."

ஓனர் மலர் அக்கா பக்கம் திரும்பினார்: "இனிமே எல்லாரும் இந்தப் பொண்ணு மாதிரி துண்டு அடிச்சு, வெயில்ல பாத்துட்டு பெருசு அடிங்க." பிறகு என்னிடம், "நீ அடுத்த மாசத்துக்கும் பஸ் பாஸ் எடுத்துடும்மா."

உலகத்து நிறத்துக்கெல்லாம் நம்பர் சொல்லும் அந்தக் குழாயை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன், வாசலில் போய் வெயிலையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.