மலையிறங்கி வந்த ரகசிய எண்

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலத்தில், அங்கே கம்ப்யூட்டரும் இணையமும் உண்டு. கைப்பேசிக்குத்தான் சிக்னல் கிடையாது. அதற்கு மலை உச்சிக்குப் போக வேண்டும். என் கணவர் அங்கே கங்காணி. கரண்ட் பில் கட்டும் நாளில் காலையிலேயே என் கைப்பேசியை அவரிடம் கொடுத்துவிடுவேன்.

நான் கீழே பேங்கின் இணையப் பக்கத்தில் பட்டனை அழுத்தியதும் ஆறு இலக்க ரகசிய எண் மேலே அவர் கைக்குப் போகும். கூடவே ஓர் எச்சரிக்கை: ‘இதை யாரிடமும் சொல்லாதீர்கள்.’ அவர் அந்த எண்ணைத் தொண்டை கிழியக் கத்துவார். நடு மலையில் கொழுந்து பறிக்கும் அக்கா அதைக் கேட்டுக் கீழ் வரிசைக்குக் கத்துவார். நாலைந்து வாய் மாறி ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து சேரும். சில நிமிடத்தில் எண் செல்லாமல் போய்விடும் என்பதால் என்னைவிட அவர்களுக்குத்தான் அவசரம்.

“நம்பரு பத்திரமா வந்துச்சா கிராணியம்மா?” என்பார் கடைசி வரிசை அக்கா.

“வந்துருச்சுக்கா, பில்லு கட்டியாச்சு லா!”

எங்கள் மலையைக் கண்ணால் பார்க்காதவன் எழுதிய எச்சரிக்கை என்று அப்போது எரிச்சலாக வரும்.

இப்போது வீட்டு நாற்காலியில் இருந்தபடியே செயலியில் ஒரு தட்டு தட்டினால் போதும். அக்காமார்கள் பிள்ளைகளோடு டவுனுக்குப் போய்விட்டார்கள். மலையில் கொழுந்து வெட்டும் இயந்திரம் இரைகிறது.

‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று பேங்க் இன்னமும் எழுதுகிறது. சொல்வதற்கு ஆள் இருந்தால்தானே!