சபை விலைக்கு நாலு ரயர்

கிளடிஸ் வாகனம் ஓட்டப் பழகியது நாற்பத்தொன்பது வயதில். ஐந்தாவது தடவைதான் சோதனையில் சித்தியடைந்தார். முதல் நான்கு தடவையும் தவறியதற்குக் காரணம் கணவர் நீக்கிலாஸ் பக்கத்தில் இருந்து பழக்கியது என்பது கிளடிஸின் எண்ணம். ஐந்தாவது தடவை சித்தியடைந்ததற்குக் காரணமும் அதுவே என்பது நீக்கிலாஸின் எண்ணம். இப்போது நீக்கிலாஸ் ஓட்டுவதில்லை. நீரிழிவு கண்ணைப் பிடித்ததால் மூன்று வருடத்துக்கு முன் லைசென்சை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பக்கத்துச் சீற்றில் இருந்தபடி ஓட்டுகிறார்.

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், மோர்னிங்சைட்டில் வாடகைக்கு ஒரு டவுன்ஹவுஸ். பிள்ளைகள் இருவரும் வேலை கிடைத்த ஊர்களில். கிளடிஸ் பதினொரு வருடம் போத்தல் மூடி பொதி செய்த தொழிற்சாலை போன கோடையில் மூடப்பட்டது. ஐம்பத்துநான்கு வயதில் வேலை தேடுகிறவர்களிடம், இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்று மிகவும் மரியாதையாகக் கேட்பார்கள். பிறகு கூப்பிட மாட்டார்கள். ஆனால் செப்ரெம்பரில் விட்பியில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் கூப்பிட்டார்கள். எண்பத்திரண்டு பேருக்குக் காலைச் சாப்பாடு. பென்சன் உண்டு, பல்லுக்குக் காப்புறுதி உண்டு, சம்பளத்தோடு லீவும் உண்டு. எல்லாம் முதல் மூன்று மாதப் புரொபேஷன் முடிந்த பிறகு. அது முடியும் நாள் டிசம்பர் பத்தொன்பது. அதுவரை எந்த நேரமும் வீட்டுக்கு அனுப்பலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

நவம்பர் நடுவில் முதல் பனி விழுந்தது. மோர்னிங்சைட் வீதி பள்ளத்தாக்குக்குள் இறங்கும் அந்தச் சரிவில் கிளடிஸ் பிரேக்கை மிதித்தார். பதினொரு வருடப் பழைய கொறொல்லா, சொல்வழி கேளாத பிள்ளைபோலத் தன்பாட்டில் போய், சிவப்பு விளக்கைத் தாண்டி, சந்தியின் நடுவில் குறுக்கே நின்றது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஒரு பஸ் மட்டும் நீளமாக ஹோர்ன் அடித்தது. கிளடிஸ் காரை ஓரமாக்கி, பத்து நிமிடம் ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி இருந்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பி, வேலைக்கு வரமுடியாது என்று போன் செய்தார்.

அடுத்தநாள் சுப்பவைசர் ஒரு கடிதம் கொடுத்தார். இரண்டே வரி. புரொபேஷன் முடிவதற்குள் இன்னொரு நாள் வராவிட்டால் வேலை நிரந்தரமாகாது. கடிதத்தைக் கொடுக்கும்போது சிரித்தபடிதான் கொடுத்தார். இந்த நாட்டில் கெட்ட கடிதங்களைச் சிரிக்காமல் கொடுப்பது பண்பாடல்ல.

ஆகவே காருக்குக் குளிர்கால ரயர் வேண்டும். நாலு. பத்தொன்பதாம் திகதிக்கு முதல், அடுத்த பனிக்கும் முதல்.

இங்கேதான் நவரட்ணம் வருகிறார். மூன்று வீடு தள்ளி இருப்பவர். நவம்பர் கடைசியில் ஒரு பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் மண்டபத்தில், மட்டன் ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நீக்கிலாஸிடம் சொன்னார்:

"நான் போன கிழமைதான் போட்டனான். நாலும் புதுசு. றிம்மோட. இருநூற்றெண்பது."

"நாலுமோ?"

"பின்ன என்ன, மூண்டு சில்லிலையே ஓடுறது?"

ரொறன்ரோவில் எங்கள் ஆட்களிடம் எந்தப் பொருளுக்கும் இரண்டு விலை உண்டு. கடையில் கொடுப்பது கடை விலை. மண்டபத்தில் சொல்வது சபை விலை. நகை, சேலை, பிள்ளையின் கலியாணம் என்றால் சபை விலை கூட. சோபா, விமான ரிக்கற், ரயர் என்றால் சபை விலை குறைய. முதல் வகையில் நம்முடைய வசதி தெரியவேண்டும், இரண்டாம் வகையில் நம்முடைய கெட்டித்தனம். இதைப் பொய் என்று ஒருவரும் சொல்வதில்லை. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். ஆனால் கேட்கிறவருக்கு, தனக்கு அந்தப் பொருள் தேவைப்படுகிற அன்று மட்டும் அது மறந்துவிடும்.

நீக்கிலாஸுக்கு மறந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே அறிவித்தார்:

"இருநூற்றெண்பதுக்கு மேல ஒரு சதமும் குடுக்கக் கூடாது. எங்கள என்ன மொக்கர் எண்டே நினைக்கிறாங்கள்."

அன்றிரவே விசாரணை தொடங்கியது. முதலில் நீக்கிலாஸின் பழைய சினேகிதர் சச்சிதானந்தனுக்குப் போன்.

"இருநூற்றெண்பதோ?" சச்சிதானந்தன் இரக்கத்தோடு கேட்டார். "ஐயோ, நவரட்ணத்தை நல்லா வெட்டிப்போட்டாங்கள். நான் இருநூற்றைம்பது. அதுவும் பூட்டித் தந்தவங்கள்."

அடுத்த ஆள் இருநூற்று முப்பது என்றார். அதற்கடுத்தவர், மருமகன் மூலம் எடுத்தபடியால் விலை சொல்ல வெட்கமாக இருக்கிறது என்றார். ஒவ்வொரு போனுக்கும் விலை இறங்கியது. இன்னும் நாலு பேருக்கு எடுத்திருந்தால் ரயரோடு காசும் தந்திருப்பார்கள். எந்தக் கடை என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் ஞாபகக் குறைவு. கடை மிசிசாகாவில் இருந்தது, இப்போது இல்லை. ரயர் பூட்டித் தந்த பெடியன் கலியாணம் கட்டி எட்மண்டன் போய்விட்டான்.

கிளடிஸ் வேலை முடிந்து வரும் வழியில் இரண்டு கடைகளில் விசாரித்தார். தொள்ளாயிரம் என்றார்கள், ஆயிரத்து இருநூறு என்றார்கள். நீக்கிலாஸ் அதைக் கேட்டுச் சிரித்தார்.

"நீர் விலை கேக்கிற முகத்தைப் பாத்தாலே அவங்களுக்கு விளங்கும், உமக்கு ஒண்டும் தெரியாதெண்டு."

"அப்ப நீங்கள் முகத்தைக் கொண்டுபோய்க் கேளுங்கோவன்."

நீக்கிலாஸ் முகத்தைக் கொண்டுபோனது இணைய விளம்பரத்துக்கு. வோபர்னில் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளக் கார்த் தரிப்பிடம். பாவித்த குளிர்கால ரயர் நாலு, இருநூறு டொலர். விற்கிறவர் நல்ல மனிதர். "இன்னும் ரெண்டு விண்டர் தாராளமா ஓடும்" என்றார். கிளடிஸ் கைப்பையில் இருந்து ஒரு இரண்டு டொலர் நாணயக் குற்றியை எடுத்து ரயரின் வெட்டுக்குள் நுழைத்துப் பார்த்தார். குற்றியின் வெள்ளி விளிம்புகூட உள்ளே இறங்கவில்லை. பக்கவாட்டில் இருந்த இலக்கத்தையும் போன் வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் செய்தது.

"இது ரயர் இல்லை," என்றார். "மொட்டை."

"கதைச்சு நூற்றைம்பதுக்குக் கேப்பம்," என்று நீக்கிலாஸ் காதுக்குள் சொன்னார்.

"நூற்றைம்பதுக்கு எங்க போறது, ஆஸ்பத்திரிக்கோ?"

டிசம்பர் ஆறாம் திகதி, சனிக்கிழமை காலை வானொலியில் சொன்னார்கள்: செவ்வாய் விடியப்புறம் பனி, பதினைந்து சென்ரிமீற்றர், அதன்மேல் உறைமழை. கிளடிஸ் ரேடியோவை நிறுத்தினார். ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு மூன்று வீடு தள்ளிப் போய்க் கதவைத் தட்டினார். நவரட்ணம் வீட்டில் இல்லை. மனைவி புனிதவதி மாவு பூசிய கையோடு திறந்தார்.

"அக்கா, அண்ணை எந்தக் கடையில ரயர் போட்டவர்?"

"வோபர்னிலை மஸூரின்ர கராஜ். கொறொனாவுக்கு முதல் இருந்தே அங்கதான் போறவர்."

"இருநூற்றெண்பதோ?"

புனிதவதி கொஞ்சம் யோசித்தார். "உங்களுக்கு அப்பிடியே சொன்னவர்? எனக்கு நானூற்றைம்பது எண்டவர். மஸூரிட்டயே கேளும் பிள்ளை. அவருக்குத்தான் உண்மை தெரியும், பாவம்."

மஸூர் யாழ்ப்பாணத்தில் பிறந்து புத்தளத்தில் வளர்ந்து, பதினாறு வருடமாக வோபர்னில் கராஜ் நடத்துகிறவர். அன்று வாசலில் ஏழு கார்கள் நின்றன. முதல் பனிக்கு முன் ரயர் மாற்றுவது வெள்ளைக்காரர் பழக்கம். நாங்கள் முதல் பனியில் சறுக்கிய பிறகு மாற்றுகிறவர்கள். கிளடிஸும் நீக்கிலாஸும் முக்கால் மணித்தியாலம் காத்திருந்தார்கள். முறை வந்ததும் நீக்கிலாஸ் முந்திக்கொண்டார்.

"தம்பி, நவரட்ணத்துக்குக் குடுத்த விலைக்கு எங்களுக்கும் தரவேணும். இருநூற்றெண்பது."

மஸூர் கையைத் துடைத்தார்.

"அண்ணை, அவர் என்ன குடுத்தவர் எண்டு நான் சொல்ல மாட்டன். டொக்டர் மற்றாளின்ர வருத்தத்தைச் சொல்லுறவரே? ஆனா ஒண்டு. பதினாறு வருஷத்தில அந்த விலைக்கு ஒருத்தரும் இஞ்ச ரயர் வாங்கேல்லை. ஒவ்வொரு வருஷமும் கேட்டு மட்டும் வருகினம்."

"அப்ப நவரட்ணம் பொய்யே சொன்னவர்?"

"பொய் எண்டு ஏன் சொல்லுறியள். பார்ட்டியில சொன்னவர்."

நீக்கிலாஸ் விடவில்லை. "சச்சிதானந்தன் இருநூற்றைம்பது எண்டவன். அவன் எனக்கு முப்பது வருஷச் சினேகிதன்."

"இஞ்சேருங்கோ," என்றார் கிளடிஸ். "எங்கட சோபா என்ன விலை எண்டு நீங்கள் சச்சி அண்ணைக்குச் சொன்னனீங்கள்?"

நீக்கிலாஸ் சுவரில் தொங்கிய கார் பெல்ற்களைப் பார்த்தார்.

"ஆயிரத்து நூறு குடுத்துப்போட்டு அறுநூறு எண்டனீங்கள். அந்த மனுசன் ஒரு மாசம் அறுநூறுக்குச் சோபா தேடித் திரிஞ்சது. அவரின்ர மனிசி எனக்குச் சொல்லி அழுதவ."

மஸூர் குனிந்து எதையோ தேடினார். சிரிப்பாக இருக்கலாம்.

நீக்கிலாஸ் காரின் முன்சில்லைக் காலால் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். பிறகு வேறு வழியால் வந்தார். "சரி, இந்தக் காருக்கு முன்சில்லுத்தானே இழுக்குது. முன்னுக்கு ரெண்டு போட்டாக் காணும். பின்னுக்குக் கிடக்கிறது சும்மா உருளுறதுதானே."

"முன்னுக்கு நிக்கும் அண்ணை, பின்னுக்கு நிக்காது. ஐஸில திரும்பேக்க பின்பக்கம் உங்கள முந்திக்கொண்டு போகும். நாலு போடுறதெண்டாப் போடுங்கோ. ரெண்டு நான் போட்டுத் தரமாட்டன்."

கிளடிஸ் கேட்டார்: "இப்ப கிடக்கிற ரயர் எல்லாக் காலத்துக்கும் எண்டுதானே எழுதிக் கிடக்கு?"

"எழுதினவன் இஞ்ச இருக்கேல்லைப்போல. ஏழு டிகிரிக்குக் கீழ போனா உந்த ரப்பர் இறுகிப்போம். பிளாஸ்டிக் சிலிப்பரோட ஐஸில நடக்கிற மாதிரி. இது இறுகாது." ஒரு ரயரை உருட்டிக்கொண்டு வந்து பக்கத்தைக் காட்டினார். சிறிய மலைப்படம், அதற்குள்ளே ஒரு பனிப்பூ. "பேரைப் பாக்காதேங்கோ அக்கா. இந்த அடையாளத்தைப் பாருங்கோ. இது இருந்தாப் பனியில சோதிச்சுப் பாத்தது. பேர்பெற்ற கொம்பனியில, இப்ப உங்கட காரில கிடக்கிற பதினாறு இஞ்சி அளவில எடுத்தால் ஆயிரத்து இருநூறு தாண்டும். உங்கட கார் பதினைஞ்சு இஞ்சியும் எடுக்கும். அது மலிவு. பேர் தெரியாத கொம்பனி, ஆனா இந்த வருஷம் செய்தது, இரும்பு றிம்மோட, பூட்டுக்கூலி வரி எல்லாம் சேர்த்து எண்ணூற்றுப் பத்து. றிம்மோட எடுத்தால் வசந்தத்தில கழட்டிப் பூட்டச் செலவு குறைவு. இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்லுங்கோ, கொஞ்சம் குறைப்பினம்."

"எழுநூறு," என்றார் நீக்கிலாஸ், பழக்கத்தில்.

"இண்டைக்கே போடுவியளோ?" என்றார் கிளடிஸ்.

"ரெண்டு மணித்தியாலம் பொறுத்தால் போடுவன்."

கிளடிஸ் தன்னுடைய வங்கிக் கார்ட்டை எடுத்துக் கொடுத்தார். அந்த இரண்டு மணித்தியாலமும் நீக்கிலாஸ் வெளியே குளிரில் நின்றார். பேரம் பேசாமல் வாங்கிய கடைக்குள் இருக்க அவருக்கு மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை கிளடிஸ் வழமையைவிட ஒரு மணித்தியாலம் முந்தி, நாலே முக்காலுக்குப் புறப்பட்டார். நீக்கிலாஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"நானும் வாறன். பாத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும்."

"உங்களுக்குக் கண் தெரியாது."

"வழி தெரியுமே."

"போய்ப் படுங்கோ."

வீதி வெள்ளையாக இருந்தது. கோடு, கரை ஒன்றும் இல்லை. சரிவின் உச்சியில் கிளடிஸ் வேகத்தைக் குறைத்தார். மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு பிரேக்கை மெல்ல மிதித்தார். கார் கொஞ்சம் முனகியது. பிறகு நின்றது, சிவப்பு விளக்குக்கு முன்னால். ஆளில்லாச் சந்தியில், சிவப்பு பச்சையாகி, பச்சை மறுபடி சிவப்பாகும்வரை அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார். கார் நிற்பதை இன்னும் கொஞ்சம் பார்க்கவேண்டும்போல இருந்தது.

நானூற்றொன்றாம் இலக்க ஹைவேயில் எல்லோரும் நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் போனார்கள். ஏஜாக்ஸில் ஒரு லொறி பள்ளத்துக்குள் சாய்ந்து கிடந்தது. விட்பிக்குப் போய்ச் சேர ஆறு இருபது. ஆறரைக்கு வேலை.

சமையலறை இருட்டாகக் கிடந்தது. கிளடிஸ் லைற்றைப் போட்டு, ஏப்ரனைக் கட்டி, பெரிய பாத்திரத்தில் ஓட்ஸுக்குத் தண்ணீர் வைத்தார். ஏழு மணிவரை ஒருவரும் வரவில்லை. பிறகு போன் அடித்தது. சுப்பவைசர்.

"யார் பேசுவது?"

"கிளடிஸ்."

"வேறு யார் வந்திருக்கிறார்கள்?"

"நான்தான்."

மறுபக்கத்தில் காற்று இரைவது கேட்டது. சுப்பவைசர் தன் கார் ஹைவேயில் ஏறும் பாதையில் சறுக்கி வேலியில் நிற்கிறது என்றும், இழுக்கும் வண்டிக்குக் காத்திருப்பதாகவும் சொன்னார். தனியாகச் சமாளிக்க முடியுமா என்று கேட்டார். கிளடிஸ் முடியும் என்றார். இரவு வேலை நேர்ஸ்மார் இருவரைப் பாண் ரோஸ்ற் போடப் பிடித்தார். முட்டை இல்லை, ஓட்ஸ் உண்டு, வாழைப்பழம் உண்டு. எண்பத்திரண்டு பேருக்கும் இருபத்தைந்து நிமிடம் பிந்திச் சாப்பாடு போனது. மூன்று பேர் முறைப்பாடு செய்தார்கள். சாதாரண நாட்களில் ஒன்பது பேர் செய்வார்கள்.

பத்தரை மணிக்குச் சுப்பவைசர் வந்தார். ஒரு கோப்பை ஓட்ஸை நின்றபடியே சாப்பிட்டார். பிறகு அறைக்குப் போய் ஒரு பைலோடு திரும்பி வந்து, பத்தொன்பதாம் திகதிவரை காத்திருக்கத் தேவையில்லை என்று சொல்லி, கிளடிஸுக்கு முன்னால் கையெழுத்து வைத்தார். இன்றிலிருந்து நிரந்தரம். கிளடிஸ் நன்றி சொன்னார். கையை ஏப்ரனில் துடைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை வாசித்தார்.

அதோடு புதிய வேலை அட்டவணையும் ஒன்று இருந்தது. எந்தப் பனிக்கும் வரக்கூடியவர் யார் என்று இப்போது தெரிந்துவிட்டபடியால், சுப்பவைசர் அதை உடனே பயன்படுத்தியிருந்தார். கிளடிஸின் பெயர் டிசம்பர் இருபத்தைந்து, காலை ஆறரைக்கு நேரே இருந்தது.

கிளடிஸ் சுவரில் தொங்கிய பேனையை எடுத்து அந்தப் பெயரை வெட்டினார்.

"நத்தாருக்கு எனக்குப் பூசை இருக்கு," என்றார் தன்னுடைய ஆங்கிலத்தில். "வரமாட்டேன்."

மூன்று மாதமாக அந்தச் சமையலறையில் அவர் 'மாட்டேன்' என்று சொன்னதில்லை. சுப்பவைசர் யன்னலைப் பார்த்தார். உறைமழை தொடங்கியிருந்தது. பேனையை வாங்கி, இருபத்தாறாம் திகதிக்கு நேரே கிளடிஸ் என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"அது சரி," என்றார் கிளடிஸ். மத்தியானச் சூப்புக்குக் கரட் வெட்டத் தொடங்கினார்.