நாலு மணி நேரத் தூரம்

கொல்லிமலை மேல் இருக்கும் எங்கள் ஊரில் தூரத்தை யாரும் கிலோமீட்டரில் சொல்ல மாட்டார்கள். சேந்தமங்கலம் எவ்வளவு தூரம் என்று கேட்டால், "பஸ்ஸுன்னா ரெண்டு மணி நேரம், நடந்தா அரை நாளு" என்பார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பெண் கொடுப்பதற்கும் இதே கணக்குதான். காலையில் தகவல் போனால் விளக்கு வைப்பதற்குள் பெண் வந்து சேர்ந்துவிட வேண்டும். அதைத் தாண்டிய ஊருக்கு எங்கள் மலைப் பெண்ணைக் கொடுக்க ஊர்ப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள்.

அக்காவுக்கோ அத்தை மகன்தான் வேண்டும். அவர் டிப்ளமோ படித்துவிட்டு சிங்கப்பூரில் சூப்பர்வைசராக இருந்தார். கல்யாணம் முடிந்ததும் அக்காவைக் கூட்டிப்போவதாகப் பேச்சு.

பரிசம் போடுகிற அன்று, கூடியிருந்தவர்கள் முன்னால் ஊர்க்கவுண்டர் அப்பாவிடம் கேட்டார்: "ஏப்பா, அந்த ஊரு எத்தனை தூரம்?"

"நாலு மணி நேரமுங்க," என்றார் அப்பா, கொஞ்சமும் கூசாமல். "பிளேன் ஏறுனா நாலே மணி நேரம். நாம மெட்ராஸுக்குப் பாதி வழி போறதுக்குள்ள புள்ள வந்து எறங்கிருமுங்க."

நான் அப்போது ஏழாம் வகுப்பு. புவியியலில் வகுப்பிலேயே நான்தான் முதல். எப்படிப் பொறுத்துக்கொள்வது? "அது மெட்ராஸ்ல இருந்துங்க! மெட்ராஸ் போறதுக்கே ஒரு நாள் ஆயிருமுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் அட்லஸை எடுத்து வந்து நடுக்கூடத்தில் விரித்தேன். "நடுவுல கடல் பாருங்க. மூவாயிரம் கிலோமீட்டர்!"

சமையல்கட்டு வாசலில் நின்ற அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"அது பஸ்ஸுக் கணக்கு கண்ணு. நாஞ் சொல்லறது பிளேன் கணக்கு," என்றார் அப்பா.

இதென்ன கணக்கோ! ஊர்க்கவுண்டர் அட்லஸைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "கிலோமீட்டர வெச்சு என்ன பண்றது சாமி? பிளேன்ல எத்தன நேரம், அதச் சொல்லு."

பொய் சொல்ல முடியுமா? "நாலு மணி நேரமுங்க."

"அப்புறம் என்ன? வெத்தலைய மாத்துங்கப்பா."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. போதாக்குறைக்கு அக்கா என்னை உள்ளே இழுத்துப்போய்க் கிள்ளிய இடம் கன்றிப்போனது. சரியான விடைக்கு இதுதான் பரிசு! அம்மாவிடம் முறையிட்டால், "உங்கப்பா சொன்னாச் சரியாத்தான் இருக்கும், போ," என்று விரட்டினாள். ஒரு வீட்டில் இத்தனை பேர் சேர்ந்து ஒரு தப்பைச் சரி என்று சாதிப்பார்களா?

கல்யாணம் நடந்தது. அக்காவை மெட்ராஸில் பிளேன் ஏற்றிவிட்டுத் திரும்பிய அப்பா, சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொஸ்தகத்த எடுத்துட்டு வா கண்ணு. நம்ம மலை எங்க இருக்குது?"

கொல்லிமலை என்று அதில் பெயரே இல்லை. சேலத்துக்குக் கீழே தொட்டுக் காட்டினேன்.

"புள்ள இருக்கற எடம்?"

அதையும் காட்டினேன். அப்பா கட்டைவிரலை மலையில் ஊன்றி, சுண்டுவிரலைச் சிங்கப்பூருக்கு நீட்டினார். "ஒரு சாண்கூட இல்லியே."

"சாண் கணக்கெல்லாம் இல்லீங்கப்பா! மூவாயிரம் கிலோமீட்டருன்னு அன்னைக்கே சொன்னேனுங்கல்ல?"

"தெரியும் கண்ணு. அன்னைக்கே தெரியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரிந்திருந்தால், அத்தனை பேர் முன்னால் என்னை ஏன் முட்டாளாக்க வேண்டும்? மறுநாள் பரீட்சை வேறு. கையை எடுங்கள், படிக்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். அப்பா விரித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.