சவரிராயன் பேசாமல் நின்ற இடம்

அன்று சிதம்பரத்து மேடையில் சவரிராயன் வசனத்தை மறந்தாரா, வேண்டுமென்றே பேசாமல் நின்றாரா? எனக்குத் தெரியாது. நாடகப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான். எனக்கே தெரியாது என்னும்போது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்திருந்த ஒரே ஆள் போன செவ்வாய்க்கிழமை போய்விட்டார்.

செய்தி வந்தபோது கல்லூரியில் செய்முறைத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தேன். அவருடைய தங்கை மகள் நிர்மலா பேசினாள். "மாமா காலையில தவறிட்டாரு அக்கா. காபி போட்டு வச்சிட்டு எழுப்பப் போனேன், எழுந்திரிக்கல," என்றாள். கூடவே, "ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு," என்றாள். அந்த மரியாதை எனக்குரியதல்ல என்று அவளுக்குத் தெரியாது. தேர்வை முடித்து, மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கடலூருக்குப் பஸ் ஏறினேன்.

அவரைச் சரியாக அறியாதவர்களுக்காகச் சில வரிகள். அப்பா புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அந்த வழியில் கிடைத்த குடியுரிமையோடு சவரிராயன் இருபது வயதில் பாரீஸுக்குப் போனார். ஒரு நாடக அரங்கில் மேடைச் சாமான் தூக்கும் வேலை. ஒரு நாள் வேலைக்காரன் வேடக்காரருக்குக் காய்ச்சல் வர, தட்டை ஏந்திக்கொண்டு இவர் மேடைக்குப் போனார். பிறகு நாற்பது வருடம் இறங்கவில்லை. நாடகத்தில் நீதிபதி, மருத்துவர், கிழட்டு அரசர் என்று பெரிய வேடங்களும் வந்தன. சினிமாவில் கடைக்காரர், டாக்ஸி ஓட்டுநர், பிணம். "படத்துல என்னெ ஏழு தடவ சாவடிச்சாங்க, டீச்சர். ஒரு தடவகூட அழறதுக்கு ஆளு வைக்கல," என்பார். மனைவி இறந்தபின் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நிர்மலா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி.

பஸ்ஸில்தான் பழக்கம். நான் தினமும் சிதம்பரம் போய் வேதியியல் நடத்துகிறவள். அவர் சனிக்கிழமைகளில் அங்கே சில இளைஞர்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுக்கப் போவார். கண்டக்டர், "மாமா, பாரீஸுக்கு ஒன்னா?" என்று கேட்பார். "ஒன்னு குடு மச்சான், நான் ஆலப்பாக்கத்துல எறங்கிக்கிறேன்," என்பார் இவர். பஸ்ஸே சிரிக்கும். நான் சிரித்ததில்லை. ஊருக்குத் திரும்பி வருகிறவர்கள் தங்களைப் பற்றிக் கூட்டிச் சொல்வது வழக்கம் என்று எண்ணியிருந்தேன்.

அது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு படத்தைப் போட்டுக் காட்டினார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக வருகிறார். ஒரு பெண்ணின் டிக்கெட்டைப் பார்க்கிறார், அவள் முகத்தைப் பார்க்கிறார், திருப்பிக் கொடுக்கிறார். அவ்வளவுதான்.

"வசனமே இல்லையே, சார்," என்றேன்.

"அதனாலதான் பதினோரு செகண்டு கெடச்சுது. வசனம் இருந்திருந்தா நாலு செகண்டுல முடிச்சி அனுப்பியிருப்பாங்க."

அங்கே நம் நிறத்தைப் பார்க்கமாட்டார்களா என்று கேட்டேன். "பாப்பாங்க. மொத பத்து நிமிஷம் பாப்பாங்க. அப்பறம் மறந்துருவாங்க. அந்தப் பத்து நிமிஷத்தத் தாண்டறதுக்குத்தான் நாப்பது வருஷம் வேல செஞ்சேன்," என்றார். அன்றிலிருந்து அவர் சொன்னவற்றைச் சந்தேகப்படுவதைக் குறைத்துக்கொண்டேன். முழுவதும் விட்டுவிடவில்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வருடம் தமிழில் ஒரு நாடகம் எழுதினார். ஒரே நடிகர், ஐம்பது நிமிடம். மனைவியின் இறப்புச் சான்றிதழுக்காக அலுவலகத்தில் நிற்கும் ஒரு கிழவர். குமாஸ்தாவின் கேள்விகளையும் அவரே கேட்டுக்கொண்டு பதில் சொல்கிறார். நாடகக் குழு நடத்தும் குமரேசன் இதில் ஆர்வம் காட்டினார். சிதம்பரத்தில் ஒரு தடவை போட்டுப் பார்ப்பது, சரியாக வந்தால் விழுப்புரம், விருத்தாசலம், வடலூர், புதுச்சேரி என்று நான்கு ஊர் என்பது பேச்சு. "நாப்பது வருஷம் அவுங்க பாஷையில நடிச்சாச்சு. நம்ம பாஷையில நாலு ஊரு போதும் எனக்கு," என்று என்னிடம் சொன்னார். தனக்கென்று அவர் எதையாவது விரும்பிச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

பின்னாலிருந்து வசனம் எடுத்துக்கொடுக்க என்னைக் கேட்டார். எனக்கு நாடகம் பிடிக்காது என்றேன். "தெரியும். அதான் ஒங்களக் கேக்கறேன். ரசிக்கிறவங்க பொஸ்தகத்தப் பாக்கமாட்டாங்க, என்னயே பாத்துக்கினு ஒக்காந்துருவாங்க." அந்த வேலை செய்பவரைப் பிரெஞ்சில் ஊதுகிறவர் என்பார்களாம். காற்று மாதிரி வந்து போக வேண்டும், முதல் வரிசைக்குக்கூடக் கேட்கக் கூடாது. ஒரு சைகையும் வைத்துக்கொண்டோம். "நான் கண்ணாடியக் கழட்டினா மொத வார்த்தய மட்டும் குடுங்க. கழட்டலன்னா ஒலகமே இடிஞ்சாலும் வாயத் தொறக்காதீங்க."

நாடகத்துக்கு முந்தின வாரம் நிர்மலா என்னை வாசலில் நிறுத்தினாள். "அக்கா, மாமாவுக்கு இப்ப மறதி ஜாஸ்தி ஆயிடுச்சு. நேத்து எங்க வூட்டுக்காரர் பேரயே மறந்துட்டாரு. கொஞ்சம் பாத்துக்குங்க." ஒத்திகையிலும் இரண்டு இடத்தில் தடுமாறினார். இரண்டு முறையும் கண்ணாடியைக் கழற்றினார் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

சிதம்பரத்தில், மேலவீதிப் பக்கம் ஒரு சிறிய மண்டபம். சனிக்கிழமை மாலை. இதைப் படிக்கும் உங்களில் சிலர் உட்பட நாற்பது, ஐம்பது பேர் இருந்தார்கள். முக்கால் நாடகம் வரை பிசகே இல்லை. பிறகு அந்த இடம் வந்தது. குமாஸ்தாவின் குரலில், "எறந்தவங்க ஒங்களுக்கு என்ன ஒறவு?" என்று கேட்டுவிட்டு, கிழவராகத் திரும்பி நின்றார். ஒத்திகையில் அந்த இடத்தில் ஆறு, ஏழு எண்ணும் நேரம் நிற்பார். நான் எண்ணினேன். பத்து ஆயிற்று. பதினைந்து ஆயிற்று. வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. யாரோ இருமினார்கள். இருபது. வரியை மறந்தவர் சைகையையும் மறந்திருக்கலாம் அல்லவா என்று எனக்குத் தோன்றியது. இருபத்து மூன்றில் வாயைத் திறந்தேன்.

"எழுதிக்குங்க."

மின்விசிறிச் சத்தத்தைத் தாண்ட வேண்டுமென்று வகுப்பில் பேசும் குரலில் சொல்லிவிட்டேன். மண்டபம் முழுவதும் கேட்டது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. "எழுதிக்குங்க. கூட இருந்தவ," என்று வசனத்தைச் சொன்னார். மீதியையும் ஒரு சொல் தவறாமல் நடித்து முடித்தார். கைதட்டல் நிறையவே வந்தது. வயதானவர்களுக்குக் கொடுக்கிற கைதட்டல். "பாவம், வயசாயிடுச்சு இல்ல," என்று வாசலில் ஒருவர் சொல்லிக்கொண்டு போனார்.

 திரும்பும் பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டியதும் அவர், "ஒங்களுக்குக் கொரலு நல்லா எடுக்குது, டீச்சர். கடைசி பெஞ்சுக்குக்கூட கேக்கும்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்போதே கேட்டிருக்கலாம். மன்னிப்பும் கேட்டிருக்கலாம். அவர் மறக்கவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கேட்கவில்லை.

அந்த நான்கு ஊர்களுக்கும் நாடகம் போகவில்லை. சில நாள் கழித்துக் குமரேசன் அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டார். "வயசானவனக் கூட்டிக்கினு அலையறது கஷ்டந்தான்," என்று என்னிடம் சொன்னார் சவரிராயன். ஏன் வேண்டாமென்றார்கள் என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. அதன்பிறகு எட்டு மாதம் இருந்தார். சனிக்கிழமை பஸ்ஸையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டார்.

அவருடைய பிரதி என்னிடம் இருக்கிறது. நிர்மலாவிடம் கொடுக்கப் போனேன், அவள் வாங்க மறுத்துவிட்டாள். இன்னொன்றும் இருக்கிறது. வகுப்பில் கேள்வி கேட்டு ஒரு பெண் பேசாமல் நின்றால், இப்போது நான் விடையை எடுத்துக்கொடுப்பதில்லை. காத்திருக்கிறேன். பாதிப் பேருக்கு உண்மையிலேயே தெரிவதில்லை. மீதிப் பேர் சொல்கிறார்கள். இதை ஒரு பரிகாரமாக நான் நினைக்கவில்லை.

நாடகத்துக்கு மறுநாள் நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. காலை பத்து மணிக்குக் குமரேசன் போன் செய்தார். "மேடம், நேத்து என்னா ஆச்சு? எங்க பசங்க ரெண்டு கட்சியா நிக்கிறாங்க. மறந்துட்டாருன்னு பாதிப் பேரு, இல்ல அதான் நடிப்புன்னு பாதிப் பேரு. நீங்கதான பொஸ்தகத்தோட ஒக்காந்திருந்தீங்க. சொல்லுங்க, போஸ்டர் அடிக்கக் குடுக்கணும்."

தெரியாது என்பதுதான் சரியான பதில். வேறு எந்த விஷயத்திலும் அதைச் சொல்லத் தயங்காதவள் நான். ஆனால் அவர் மறக்கவில்லை என்றால், நாடகத்தைக் கெடுத்தவள் நான் என்றாகும்.

"மறந்துட்டார்," என்றேன்.

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

"அப்ப வேணாம் மேடம். பெரியவர மேடையில நிக்க வச்சி அசிங்கப்படுத்தக் கூடாது. நானே மெல்லமா சொல்லிக்கிறேன்."

அன்று மாலை ஐந்து மணிக்குச் சவரிராயன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"விழுப்புரத்துக்கும் நீங்கதான் வரணும், டீச்சர். இந்த வாட்டி கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, போதும்."

"வரேன், சார்," என்றேன்.

எந்த பஸ் சௌகரியம் என்று கேட்டார். பண்ருட்டி வழியாகப் போவதில் போகலாம் என்றேன். ஜன்னல் பக்கம் தனக்கு வேண்டுமென்றார். சரி என்றேன்.