பிரிக்கக் கூடாத சி.டி.

என் வீட்டுக்காரருக்குப் பாட்டு கேட்கப் பிடிக்காது. பாட்டு வைத்திருக்கப் பிடிக்கும். இந்த வித்தியாசம் கல்யாணமாகி டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஹாலில் ஒரு சுவர் முழுக்க சி.டி.க்கள். எல்லாம் ஸோல் மியூசிக். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் சபைகளில் பிறந்து வெளியே வந்த பாட்டு. ஊர் உலகமே போனில் பாட்டு கேட்கும் காலத்தில், இவர் மட்டும் பழைய ஆல்பங்களின் மறுபதிப்புகளைத் தேடித் தேடி வரவழைப்பார். வந்ததும் போட்டுக் கேட்பார் என்று நினைத்தால் நீங்களும் என்னைப் போல ஏமாளிதான். முதலில் முதுகைப் பார்ப்பார்.

பெட்டியின் முதுகில் பொடி எழுத்தில் ஒரு நம்பர் இருக்கும். கம்பெனிக்காரன் தன் சரக்கை அடையாளம் காண நாலு எழுத்தும் சில எண்களுமாகப் போட்டது. அதுதான் கேட்டலாக் நம்பர். அதே அட்டைப்படம், அதே பாடகி, அதே பாட்டு, ஆனால் கடைசி எண் மட்டும் மாறியிருந்தால் அது வேறு பதிப்பு. வேறு பதிப்பு என்றால் அதுவும் வேண்டும். பின்னட்டையில் பார்கோடு. அதன் முதல் இரண்டு எண்களைப் பார்த்தே இது ஜப்பான், இது பிரிட்டன் என்று சொல்லிவிடுவார். கம்பெனி எந்த நாட்டில் பதிவானது என்றுதான் அது சொல்லும், சி.டி.யை எங்கே அடித்தார்கள் என்று சொல்லாது என ஒரு நண்பர் ஒருமுறை திருத்தினார். இருவரும் அப்புறம் சில வாரம் பேசிக்கொள்ளவில்லை.

நான் நர்ஸ். எங்கள் வார்டில் நோயாளியின் கையிலும் பார்கோடு கட்டுகிறோம். ஆனாலும் ஊசி போடும் முன் பெயரை அவர் வாயாலேயே சொல்ல வைத்துக் கேட்டுக்கொள்வோம். இதை இவரிடம் சொன்னேன். "ஏட்டி, மனுஷனும் சி.டி.யும் ஒண்ணா?" என்றார். சி.டி. ஒரு படி மேல் என்ற அர்த்தத்தில்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பேர் வந்துவிடுவார்கள். ஒருவர் கரோல் பாகிலேயே பிறந்து வளர்ந்த வங்கி அதிகாரி, பாதித் தமிழும் பாதி இந்தியுமாகப் பேசுவார். இன்னொருவன் குர்கானில் ஐ.டி. வேலை பார்க்கும் இளைஞன், பார்கோடு விஷயத்தில் இவரைத் திருத்தியவன் அவன்தான். மூவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டிகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பெண் பார்க்க வந்தவர்களாவது கடைசியில் ஒரு பாட்டுப் பாடச் சொல்வார்கள். இவர்களுக்கு அந்த ஆசையும் கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் நான் பாடுகிறவள். பாளையங்கோட்டையில் தொடங்கி டெல்லித் தமிழ்ச் சபை வரை பாடகர் குழுவில் நின்றவள். பெரிய வெள்ளி ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு செய்தி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பாட்டு. அதில் நாலாம் வார்த்தைக்குப் பிறகு வரும் தனிப்பாட்டு எப்போதும் என்னுடையது. பிறகு தைராய்டு ஆபரேஷன் நடந்தது. குரல் திரும்பி வந்தது, ஆனால் கீழே இறங்கி, கரகரத்து, யாரோ ஒருத்தியின் குரலாக வந்தது. எங்கள் குவயர் மாஸ்டர் ரொம்ப ஆறுதலாகப் பேசினார். "சிஸ்டர், ஆண்டவர் உங்க ஜீவனைக் காப்பாத்தியிருக்கார், அதுக்கு ஸ்தோத்திரம் பண்ணுங்க. வழக்கம்போல வந்து நில்லுங்க. வாயை மட்டும் அசைச்சாப் போதும்."

அன்றிலிருந்து நான் வாயை அசைத்தேன். வீட்டில் முணுமுணுப்பதைக்கூட விட்டுவிட்டேன். வெளியே சொல்லவில்லை, ஆனால் உள்ளே செத்துப்போன மாதிரிதான் இருந்தது.

அப்போதுதான் ஒரு பாடகியுடைய ஆல்பத்தின் ஜப்பான் பதிப்பு வந்தது. அதே ஆல்பத்தின் வேறு பிரதி ஏற்கெனவே அலமாரியில் உண்டு. அந்தப் பாடகிக்கும் கீழ்க்குரல், கரகரப்பு, எந்த வெட்கமும் இல்லாமல் பாடுகிறவள். புதியதில் கடைசி எண் வேறு. அதனால் அதில் ஒரு பாட்டு கூடுதல் என்றார் இவர். வாத்தியமே இல்லாமல் அவள் தனியாகப் பாடியது. நம்பர் படிப்பால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இந்தத் தகவல்தான்.

"அதப் பிரிச்சுப் போடுங்களேன், கேப்போம்."

"பிரிக்கவா? பிரிச்சிட்டா அப்புறம் அது வெறும் சி.டி.தானட்டி!"

அவர் ஆபீஸ் போனதும், அடிப்பக்கத் தையலில் பிளேடால், சுற்றியிருந்த கண்ணாடித்தாளை ஒரு கீறு கீறிப் பெட்டியை உருவினேன். கை நடுங்கவில்லை, தொழில் அப்படி. சமையலறையில் இருந்த என் பழைய சி.டி. பிளேயரில் போட்டுக் கேட்டேன். அழுதேன். திரும்ப அதே மாதிரி செருகி வைத்தேன். பகலில் ட்யூட்டி இல்லாத நாளெல்லாம் இதே வேலை. அவள் மூச்சு எடுக்கும் இடத்தில் நானும் மூச்சு எடுத்துப் பழகினேன். மேலே ஏற முடியாவிட்டால் என்ன, கீழேயே நின்று முழுசாகப் பாடலாம் என்று அவளிடம்தான் தெரிந்துகொண்டேன்.

பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் மாஸ்டர் வந்தார். "நாலாம் வார்த்தைப் பாட்டை இந்த வருஷம் என் மச்சான் மகளுக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன். உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே? சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க, ஆராதனை முறையை அச்சுக்குக் குடுக்கணும்." யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்தேன். தைரியம் வரவில்லை. புதுக்குரலில் நான் பாடி அதுவரை ஒரு மனிதர் கேட்டதில்லையே.

மதியம் அந்த இருவரும் வழக்கம்போல ஆஜர். "பாபி, ஜல்தி இல்ல, மெதுவா சாய் போடுங்க" என்று என்னை இந்தியில் அண்ணியாக்கினார் கரோல் பாக்காரர். நான் சமையலறையில் பக்கோடாவுக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். இந்தப் பாட்டு முழுசாக வந்துவிட்டால் வெள்ளிக்கிழமைப் பாட்டும் வரும் என்று நினைத்துக்கொண்டு, அந்த வாத்தியமில்லாத பாட்டைத் தொடங்கினேன். வாய்விட்டுத்தான்.

ஹாலில் பேச்சு நின்றது. அடுத்து நடந்ததில் பாதி என் காதில் விழுந்தது, மீதியை அந்த இளைஞன் பிறகு சொன்னான்.

"அச்சா! வாத்தியம் இல்லாத டேக்" என்று கரோல் பாக்காரர் கண்ணை மூடினார். "சுனோ, அந்த மூச்சைக் கேளுங்க. பக்கா ஜப்பான்."

"இல்ல சார், பிரிட்டன் பதிப்பு" என்றான் இளைஞன். "ஜப்பான்காரன் இந்தக் கரகரப்பைச் சுத்தம் பண்ணியிருப்பான்."

என் வீட்டுக்காரர் ஆமாம் ஆமாம் என்று இருவருக்கும் தலையாட்டியிருக்கிறார். திடீரென்று முகம் வெளுத்துவிட்டதாம். இந்தப் பாட்டு இருக்கும் சி.டி. இந்த வீட்டில் ஒன்றுதான், அதுவும் பிரிக்காதது. "அடிப்பாவி, பிரிச்சிட்டாளே!" என்று அலமாரிக்கு ஓடினார். எடுத்துப் பார்த்தால் அடியில் கீறல். திறந்தார். சி.டி. உள்ளேயே இருந்தது. சமையலறையில் பாட்டும் நடந்துகொண்டிருந்தது.

பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றார். பின்னால் அவர்கள் இரண்டு பேர். நான் நிறுத்தவில்லை, கடைசி வரி வரை பாடி முடித்துவிட்டுத்தான் திரும்பினேன்.

"நீயா?" என்றார். கண்ணாடித்தாளைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. "உன் குரல்னு எனக்கே தெரியலியே."

"எப்படித் தெரியும்? நான் பாடி ரொம்ப நாளாச்சு" என்றேன். வெங்காயக் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்து மாஸ்டரைக் கூப்பிட்டேன்.

"நாலாம் வார்த்தைக்கு நான்தான் பாடுதேன்."

"சிஸ்டர், அந்தச் சுருதி உங்களுக்கு..."

"எட்டாது. கீபோர்டை ரெண்டு கட்டை இறக்கி வாசிங்க. என்னால ஏற முடியாது, உங்களால இறங்க முடியும்லா?"